அப்பாவின் ஆறு மெடல்களும் லாங்கு பஜார் பிரேம் கடையும்

வேலூர் லாங்கு பஜாரில், மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பிரேம் கடை இருக்கிறது. எட்டுக்குப் பத்து அடி இருந்தால் அதிகம். வெளியே முருகன், மெக்கா, வேளாங்கண்ணி மாதா, புதுமனை புகுவிழாவுக்கு வாங்கிப் போகிற ஏழு குதிரைப் படம் எல்லாம் சுவரோடு சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே அறுபதைத் தாண்டிய ஒரு பாய் தனி ஆளாக வேலை செய்கிறார். அப்பாவின் முதல் வருஷ திவசத்துக்காக அவருடைய பட்டாளத்து மெடல்களை இங்கேதான் பிரேம் போட்டேன். கடையின் பெயரை எழுதாதே என்று பாயே சொல்லிவிட்டார், கூட்டம் வந்தால் ஒரு ஆளாகச் சமாளிக்க முடியாது, வேலை கெட்டுப்போகும் என்று. ஆனால் பஜாரில் "மிலிட்டரி மெடல் பிரேம் போடுற பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

வேலை எப்படி இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையில் வேலையே அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்களுக்குக் கணியம்பாடி பக்கம். அந்தப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அவ்வளவு பெயர் வாங்கியது இல்லை என்றாலும் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருந்தவர்கள்தான். சீனப் போர் முடிந்த அடுத்த வருஷம், 1963இல், அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் இரண்டு பேரோடு போய் வரிசையில் நின்றாராம். மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்தான் அது, 1780இல் தொடங்கிய படை. அதில் இருப்பவர்களை ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது வயதை நெருங்கும்போதும், பழைய ஆட்கள் போன் பண்ணினால் அப்பா "நான் தம்பிதான் பேசுறேன்" என்பார், யார் பெரியவர் யார் சின்னவர் என்று எங்களுக்குக் கடைசி வரை புரிந்ததே இல்லை.

சாப்பர் என்றால் துப்பாக்கியோடு ஓடுகிறவர் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலம் போடுவது, பாதை போடுவது, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது, இதுதான் அவர்கள் வேலை. 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அப்பா மேற்கு எல்லையில் சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். அந்தச் சண்டை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இருபத்தோரு வயது அருண் கேத்தர்பால், டாங்குக்குள் இருந்தபடியே உயிரை விட்டு பரம் வீர் சக்ரா வாங்கியவர். அவருடைய படைப்பிரிவின் டாங்குகள் அன்று ராத்திரி ஆற்றைத் தாண்டியபோது கண்ணிவெடி நிலத்தில் பாதைதான் பாதி திறந்திருந்தது. அக்கரையில் எதிரி டாங்குகள் சேர்கிறது என்று செய்தி வந்ததும், முழுப் பாதையும் தயாராகும் வரை காத்திருக்காமல் புகுந்துவிட்டார்கள். அந்தப் பாதிப் பாதையைக் குளிரில் மண்டியிட்டுத் திறந்துகொண்டிருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அவர்களுடைய அதிகாரி, 9ஆவது இன்ஜினியர் ரெஜிமென்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி, அந்தப் போரில் இறந்துபோனார், மகா வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பெயரைச் சொன்னால் அப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

அப்பா அதைப் பற்றி அதிகம் பேசியது கிடையாது. கேட்டால் வேலையைப் பற்றித்தான் சொல்வார். கம்பியைச் சாய்வாகத்தான் குத்த வேண்டும், நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே அழுத்திவிடும், கையில் ஏதாவது தட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் மண்ணைத் தள்ள வேண்டும், எடுத்து முடித்த இடத்துக்கு நாடா கட்ட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் சாகிற வரைக்கும் எங்கள் நிலத்தில் அவர் வரப்பை விட்டு இறங்க மாட்டார், இறங்கினாலும் முன்னால் போனவர் கால் பதிந்த இடத்திலேயே கால் வைத்துப் போவார். அம்மாதான் ஒரு நாள் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் நடக்கும்போதெல்லாம் நான் அவருடைய பாதத்தைத்தான் பார்ப்பேன்.

1981இல் ஹவில்தாராக வெளியே வந்தார். அப்புறம் ஒரு வங்கியில் காவலாளியாகப் பதினைந்து வருஷம். அதுவும் முடிந்த பிறகு ஊர்ப் பையன்களைக் காலை நாலரை மணிக்கு எழுப்பி ஏரிக்கரையில் ஓடவிடுவது, ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயார் பண்ணுவது. அப்படி அவர் ஓடவிட்ட பையன்களில் பதினோரு பேர் இப்போது ராணுவத்தில் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் அப்பா இறந்தபோது லீவில் வந்திருந்த இரண்டு பேர்தான் பாடைக்கு முன்னால் நடந்தார்கள். பக்கத்து ஊர் முன்னாள் படைவீரர்கள் மலர்வளையம் வைத்துவிட்டு, கும்பிடாமல், சல்யூட் அடித்தார்கள். அதில் ஒருவருக்குக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, பக்கத்தில் நின்றவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மெடல்கள் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் ஒரு சிகரெட் டின்னுக்குள் இருந்தன. மொத்தம் ஆறு. முதலில் நான் இவற்றை வேறு ஒரு இடத்தில்தான் கொடுத்தேன். வீட்டுக்கே வந்து வாங்கிப் போய், பிரேம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிற சேவை. படங்கள் எல்லாம் பார்க்க அழகாக இருந்தன. யார் என்ன என்று பெயரைச் சொல்ல விரும்பவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இப்படி மெடல் இருந்தால் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

திரும்பி வந்தபோது சிவப்பு வெல்வெட் துணியின் நடுவில் பஸ்சிமி ஸ்டார் இருந்தது. சுற்றி மற்ற ஐந்தையும் பூ மாதிரி வட்டமாக ஒட்டியிருந்தார்கள். நட்சத்திர வடிவம் நடுவில் இருந்தால் லுக்காக இருக்கும் என்றார்கள். ரிப்பன்களை எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தார்கள். பின்பக்கம் சூடான பசை. அதைவிட மோசம், பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இந்திய ராணுவ மெடல்களின் விளிம்பில் வாங்கியவருடைய நம்பர், பதவி, பெயர் பொறித்திருக்கும், பலருக்கு இது தெரியாது. சங்கிராம் மெடலின் விளிம்பில் அப்பாவின் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் இப்போது விரலுக்குத்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. போட்டோவும் அப்படித்தான். பயிற்சி முடிந்து கசம் பரேடு என்கிற உறுதிமொழி அணிவகுப்புக்குப் பிறகு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. மெட்ராஸ் சாப்பர்களுக்கே உரிய டூப்டா என்கிற தொப்பியோடு நிற்பார், வேறு எந்தப் படையிலும் அது கிடையாது. அதற்குக் கணினியில் வண்ணம் ஏற்றுகிறோம் என்று, தொப்பியை எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பி மாதிரி ஒன்றை வைத்து, முகத்தையும் வெளுப்பாக்கி அனுப்பியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு "இது யாரு" என்று கேட்டார். காசு கொடுத்தாகிவிட்டது, அது போகட்டும். அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் மனசிலிருந்து போகவே இல்லை.

என் சித்தப்பா மகன்தான் லாங்கு பஜார் பாயைப் பற்றிச் சொன்னான். அந்த வெல்வெட் பிரேமை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். பாய் கண்ணாடியைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்தார். விலை சொல்லவில்லை, சைஸ் கேட்கவில்லை. "டிஸ்சார்ஜ் புக் இருக்காம்மா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். "எத்தன வருஷம் சர்வீஸு, எங்க இருந்தாரு, என்ன மெடலு, எல்லாம் அதுல எழுதியிருப்பாங்க. நான் பாட்டுக்கு இருக்கிறதை வெச்சி அடிச்சிட்டா தப்பாயிடும். நாளைக்கு எடுத்துட்டு வா."

மறுநாள் புத்தகத்தோடு போனேன். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒவ்வொரு மெடலாக எடுத்து, லென்ஸ் வைத்து விளிம்பைப் படித்து, புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, வரிசையாக வைத்தார். மெடல்களுக்கு என்று ஒரு முன் பின் வரிசை அரசாங்கமே போட்டிருக்கிறது, நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. பஸ்சிமி ஸ்டார் முதலில், அது மேற்கு எல்லையில் 71 போரில் நின்றவர்களுக்கு. அடுத்து 65 போர்க் காலத்துக்கான ரக்ஷா மெடல், பிறகு 71க்கான சங்கிராம் மெடல், பிறகு சைன்ய சேவா மெடல், பிறகு சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டுக்கு 1972இல் கொடுத்தது, கடைசியில் ஒன்பது வருஷச் சேவைக்கான மெடல். அணிந்திருப்பவரின் வலது கைப்பக்கம் பெரியது வர வேண்டும், அப்படியென்றால் எதிரில் நின்று பார்க்கிற நமக்கு இடது பக்கம். இதில்தான் நிறையப் பேர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்றார். சைன்ய சேவா மெடலின் ரிப்பனில் "ஜம்மு காஷ்மீர்" என்று எழுதிய ஒரு சின்னப் பட்டை இருக்க வேண்டும். அதைக் காணோம். பாய் வெல்வெட்டைப் பிரித்து அடியில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார். அது தொலைந்துபோனது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது.

ஒரு பிரேம் போடுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் வாப்பா காலத்திலிருந்து கடை இருக்கிறதாம், சுத்துப்பட்டு ஊரிலிருந்து பட்டாளத்துக்காரர்கள் வந்து வந்து, தப்பாக வைத்தால் திட்டித் திட்டி, அப்படியே கற்றுக்கொண்டதாம். இந்த ஊரில் அது நம்பக்கூடிய விஷயம்தான். கடையிலிருந்து வெளியே வந்தால் தெரிகிற மணிக்கூண்டிலேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1914 முதல் 18 வரை நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. நாற்பது வருஷமாக அந்த வழியாகப் போய் வருகிறேன், பாய் வேலை செய்துகொண்டிருந்த அன்றுதான் நின்று படித்தேன்.

இனி வேலையைப் பற்றி. மெடல்களில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டவில்லை, ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி நூலால் அறுத்து எடுத்தார், அதற்கே ஒரு மதியம் போனது. பாலிஷ் போடச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "அவரு போட்டிருந்தா சரி, நாம போடக் கூடாது" என்றார். பின்பலகைக்கு வெல்வெட் வேண்டாம், தூசி பிடிக்கும், நாளாக நாளாக அமுங்கிப் பள்ளம் விழும், வீட்டில் அவர் போட்ட துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டிரங்குப் பெட்டியில் ஒரு ஓ.ஜி. சட்டை இருந்தது, ஆலிவ் பச்சை, அக்குளில் கிழிந்து அப்பாவே தைத்தது. அதன் முதுகுப் பக்கத்தைத் துவைத்து இஸ்திரி போட்டு மவுண்ட் போர்டு மேல் இழுத்துக் கட்டினார். தையல் இருந்த பகுதியை வெட்டவில்லை, எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். மெடல்களை ஒட்டவில்லை. ஒவ்வொன்றின் ரிப்பனையும் மெல்லிய நைலான் நூலால் போர்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார், என்றைக்கு வேண்டுமானாலும் நூலை வெட்டி மெடலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட ரிப்பன்களைப் பின்னால் மடித்து, முன்னால் பார்த்தால் குறை தெரியாதபடி சமாளித்திருக்கிறார். ரக்ஷா மெடலின் ரிப்பன் மட்டும் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் குட்டையாகத் தெரியும். அது அவர் தப்பு இல்லை.

பாக்ஸ் பிரேம். உள் ஆழம் ஒன்றரை அங்குலம், கண்ணாடி மெடல் மேல் படாது. பைபர் பீடிங் விலை குறைவு, ஆனால் இந்தக் கனத்துக்கு மூலை விட்டுவிடும் என்று தேக்குதான் போட்டார். பின்பக்கம் ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ, ஓரமெல்லாம் பிரவுன் டேப், பூச்சி போகாது. டிரங்குப் பெட்டி மாதிரி ரசகற்பூரம் எல்லாம் உள்ளே போட வேண்டாம் என்றும் சொன்னார். வெயில் நேராக விழுகிற சுவரிலும், குளியலறைக்குப் பின்பக்கச் சுவரிலும் மாட்டாதீர்கள், ரிப்பன் வெளுத்துவிடும், ஈரம் ஏறும்.

போட்டோவைப் பஜாரிலேயே ஒரு பழைய ஸ்டூடியோவில் சொல்லி, வண்ணம் எதுவும் இல்லாமல் கீறலை மட்டும் எடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கிக் கொடுத்தார். டூப்டா அப்படியே இருக்கிறது. அப்பாவின் கறுப்பும் அப்படியே இருக்கிறது.

ஒரு கடிதத்தையும் உள்ளே வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 71 டிசம்பர் 22ஆம் தேதி, சண்டை நின்று ஐந்து நாள் கழித்து, அப்பா பாட்டிக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர். அனுப்புநர் இடத்தில் நம்பரும் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலைய எண்ணும் மட்டும்தான் இருக்கும், எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. உள்ளே போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் சௌக்கியம், செவலைப் பசு கன்று போட்டுவிட்டதா, கிணற்றுக்குப் பக்கத்து வரப்பு இடிந்திருந்ததே, மாமாவிடம் சொல்லி மண் போடச் சொல்லுங்கள், யாரும் அந்தப் பக்கம் ராத்திரியில் நடக்க வேண்டாம். பாய் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, அசலை உள்ளே வைக்காதே, வெளிச்சத்தில் மை போய்விடும், கலர் ஜெராக்ஸ் போடுவோம், அசல் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார். என்னிடம் காசு வாங்கிக்கொண்டு அசலையே ஒட்டிவிடுவது அவருக்குச் சுலபம். கடைக்காரர்கள் சொல்லத் தேவையில்லாத இந்த மாதிரிப் பேச்சுகளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குறை என்று பார்த்தால் இருக்கிறது. போனை எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். எட்டு நாள் என்று சொன்னது பதிமூன்று நாள் ஆனது, திவசத்துக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் கையில் கிடைத்தது, அதுவரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே வைக்கிற பித்தளைத் தகட்டை வெளியில் கொடுத்துத்தான் பொறிக்கிறார், முதல் தகட்டில் "ஹவில்தார்" என்பதில் ஒரு எழுத்தே இல்லாமல் வந்தது, சொன்னதும் அவர் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். சாதாரணக் கண்ணாடிதான் போடுகிறார், டியூப் லைட்டுக்கு எதிரில் மாட்டினால் வெளிச்சம் அடிக்கிறது, நான் இடம் மாற்றி மாட்ட வேண்டியிருந்தது. பிரேம் நல்ல கனம், டிரில் போட்டு இரண்டு ஸ்க்ரூ அடித்துத்தான் மாட்ட முடியும். பதினெட்டுக்கு இருபத்துநான்கு அங்குலம், தகடு, போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. முதலில் 3,800 சொன்னார், ஆழம் கூடியதால் நானூறு கூட வாங்கினார், எனக்கு அதில் வருத்தம் இல்லை. மெடலைப் பிரித்தெடுத்த வேலைக்குக் கேட்டேன், வாங்கவில்லை.

திவசத்தன்று அப்பாவோடு பெங்களூரில் ஒன்றாகப் பயிற்சி எடுத்த ஒருவர் வந்திருந்தார். கண் ஒன்று சரியாகத் தெரியாது. பிரேமுக்குக் கிட்டே போய் நின்று, இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு ரிப்பனாகக் கண்ணாடி மேல் விரலை வைத்து மெடலின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். சைன்ய சேவாவில் அந்தச் சின்னப் பட்டையிடம் வந்ததும் நின்றார், "இது பூஞ்ச், ரெண்டு பேரும் ஒரே பங்கர்" என்றார். அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது, எங்கள் யாருக்குமே தெரியாது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டு, எல்லோரும் கேட்டோம்.

போகிறவர்களுக்கு: காலை பத்தரைக்கு மேல்தான் திறக்கிறார், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார், ஞாயிறு விடுமுறை. வண்டி நிறுத்த பஜாருக்குள் இடம் கிடையாது, கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது. மெடலை நீங்களாகத் துடைக்காமல், டின்னோடு அப்படியே கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மறக்காதீர்கள், அது இல்லாமல் பாய் வேலையைத் தொட மாட்டார்.